காடியில் இடி முழக்கமா? வயரையும் காதையும் பாருங்கள்!



சம்பளம் போட்ட சனிக்கிழமை மாலையில் லயத்து வாசலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது தெரியும். காடி கண்ணில் படுவதற்கு முன்னாலேயே அதன் சத்தம் வந்து சேர்ந்துவிடும். ஆபீஸ் முனையில் அது திரும்பும்போதே இங்கே அலமாரியில் கிளாஸ் ஆடும், கூரைத் தகரம் 'டர்ர்ர்' என்று முணுமுணுக்கும். "யாருப்பா அது?" என்று கேட்டால், "நம்ம மில்லுல வேலை செய்யற தம்பிதான். புதுசா வூபர் மாட்டியிருக்கான்" என்று பதில் வரும்.

"இதை நிறுத்தச் சொல்லி உங்க மருத்துவப் பகுதியில நல்லா காரமா எழுதுங்க" என்று தாய்மார்கள் சிலர் என்னிடம் சொல்வதுண்டு. நான் அப்படி எழுதப் போவதில்லை. ஓவர்டைம் செய்து, கூட்டுப் பிடித்துச் சேர்த்த காசில் வாங்கியவன், என் கட்டுரையைப் படித்துவிட்டு அதைக் கழற்றி வைக்கமாட்டான். நாள் முழுதும் ஆலைச் சூட்டில் வெந்துவிட்டு வருகிற இளைஞனுக்கு உறுமிச் சத்தம் நெஞ்சில் வந்து மோதினால் ஒரு சந்தோஷம். அதை நான் ஏன் கெடுக்க வேண்டும்? மாட்டுகிறவன் சரியாக மாட்டட்டும், கேட்கிறவன் அளவோடு கேட்கட்டும். அதற்கு வேண்டியதைச் சொல்கிறேன்.

முதலில் கடைக்காரர் காட்டும் பெட்டியைப் பார்ப்போம். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் '2000 வாட்ஸ்' என்று போட்டிருக்கும். தம்பி மயங்கிவிடுகிறார். அது கண் மூடித் திறக்கும் நேரத்துக்கு எட்டும் உச்ச அளவு. சில பெட்டிகளில் அதுவும் கிடையாது, வெறும் அச்சு. தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்தியை 'ஆர்.எம்.எஸ்.' என்று போடுவார்கள். அதையும் நம்பத் தயக்கமாக இருந்தால் ஆம்ப்ளிபயரின் முதுகைத் திருப்பி, அதில் சொருகியிருக்கும் பியூஸைப் பாருங்கள். 30 ஆம்பியர் பியூஸ் ஒன்றே ஒன்று இருக்கிறதா? எஞ்சின் ஓடும்போது காடியில் இருப்பது சுமார் 13.8 வோல்ட். 30-ஐ 13.8-ஆல் பெருக்கினால் 414 வாட்ஸ். அதற்குமேல் அந்தப் பெட்டிக்குள் நிலையாகப் போக வழியில்லை. போனதிலும் ஒரு பகுதி சூடாக வீணாகும். 'கிளாஸ் டி' ரகமாக இருந்தால் நூற்றுக்கு 80 அளவு பாட்டாக வெளியே வரும். பழைய 'கிளாஸ் ஏபி' ரகத்தில் பாதிதான் தேறும். ஆக, 2000 என்று விற்கப்படும் சாமான் உண்மையில் 300 வாட்ஸ் சொச்சம். ஏமாந்து காசு கொடுக்காதீர்கள்.

ஆனால் 300 வாட்ஸ் என்பது சின்ன விஷயமும் இல்லை. 850 சி.சி. கஞ்சில் போன்ற சின்னக் காடிக்குள் 10 அங்குல வூபர் ஒன்றுக்கு 300 வாட்ஸ் கொடுத்தால் தாராளம். அடைத்த சின்ன இடத்தில் கனத்த ஓசை தானாகவே ஏறும். திறந்த மைதானத்தில் வைத்தால் சோனியாகக் கேட்கிற அதே வூபர் காடிக்குள் இடியாக இடிக்கும்.

இப்போது நெருப்பு விஷயத்துக்கு வருகிறேன். காது போவது மெதுவாக. இது ஒரே நிமிடத்தில்.

500 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். தரும் கிளாஸ் டி ஆம்ப்ளிபயர் முழுமூச்சாக வேலை செய்தால் சுமார் 45 ஆம்பியர் இழுக்கும். கிளாஸ் ஏபி என்றால் 70-ஐத் தாண்டும். சின்னக் காடியின் ஆல்டர்னேட்டரோ ஹெட்லைட், ஏர்கோன், வைப்பர், ரேடியோ இவற்றுக்காகக் கணக்குப் போட்டு வைக்கப்பட்டது. அதன் முழு சக்தியையும் வூபரே கேட்டால் மீதியை பேட்டரியிலிருந்துதான் உறிஞ்ச வேண்டும். 'டும்' என்கிறபோதெல்லாம் ஹெட்லைட் மங்குகிறதா? காடி திணறுகிறது என்று அர்த்தம். சிலர் உடனே 'கெப்பாசிட்டர்' வாங்கி மாட்டுகிறார்கள். அது ஒரு நொடியின் சிறு பகுதிக்கு முட்டுக் கொடுக்கும், அவ்வளவுதான். புது மின்சாரத்தை உண்டாக்காது. காடியின் சக்திக்குத் தகுந்த ஆம்ப்ளிபயரை வாங்குவதே மேல்.

பேட்டரி முன்னால் இருக்கிறது. ஆம்ப்ளிபயர் பின்னால், பூட்டில். நடுவே நான்கைந்து மீட்டர் வயர் கார்ப்பெட்டுக்கு அடியில் ஓடுகிறது. மேலே நம் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த வயரில்தான் பலர் காசு மிச்சம் பிடிக்கிறார்கள். வீட்டுக்கு இழுத்ததில் மிஞ்சிய வயரைப் போட்டவரை நான் பார்த்திருக்கிறேன். கை வைத்தேன், இஸ்திரிப் பெட்டி மாதிரி சுட்டது. 500 வாட்ஸுக்கு '4 கேஜ்' செம்பு வயர் போடுங்கள். அதன் செம்பு மட்டும் சுமார் 21 சதுர மில்லிமீட்டர். இங்கேயும் ஒரு தந்திரம் உண்டு. அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசி, பருமனாக ரப்பர் உறை போட்டு விற்பார்கள். பார்வைக்குத் தடியாக இருக்கும். மின்சாரம் கடத்துவதில் செம்புக்கு ஈடாகாது, சீக்கிரம் சூடேறும். நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் பெரும்பாலும் அதுதான்.

பியூஸ் எங்கே இருக்க வேண்டும்? "ஆம்ப்ளிபயரிலேயே பியூஸ் இருக்குதே, இன்னொண்ணு எதுக்கு?" என்று கேட்பவர்கள் அநேகம். ஆம்ப்ளிபயரின் பியூஸ் அந்தப் பெட்டியைக் காப்பதற்கு. பேட்டரிக்கு அருகே, அரை மீட்டருக்குள் (ஒரு முழம் என்று வையுங்கள்) இன்னொரு பியூஸ் அவசியம் வேண்டும். அது வயரைக் காப்பதற்கு. நடுவழியில் சீட் இரும்போ, கதவின் விளிம்போ உராய்ந்து வயரின் தோல் கிழிந்து காடியின் உடம்பில் பட்டுவிட்டால், பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரே மூச்சில் தள்ளும். பின்னால் இருக்கும் பியூஸுக்கு அது தெரியவே தெரியாது. முன்னால் பியூஸ் இருந்தால் 'பட்' என்று போகும், கதை முடிந்தது. இல்லாவிட்டால் வயர் முழுநீளத்துக்கும் பழுத்து கார்ப்பெட் பிடித்துக்கொள்ளும். மேலே சொன்ன 4 கேஜ் வயருக்கும் 500 வாட்ஸ் கிளாஸ் டி-க்கும் 60 ஆம்பியர் பியூஸ் போதும். அது அடிக்கடி போகிறது என்று ஆணியையோ சிகரெட் ஈயத்தாளையோ சுற்றி வைக்கிற மேதாவிகளுக்கு நான் என்ன சொல்ல!

எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் இடையே உள்ள இரும்புத் தகட்டில் வயர் நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையம் கட்டாயம் போடவேண்டும். கூரான தகடு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வயரை அறுக்கும். தோட்டத்துச் செம்மண் ரோட்டில் காடி எப்படி ஆடும் என்று உங்களுக்கே தெரியும். 'எர்த்' வயரும் அதே தடிமனில் இருக்க வேண்டும், கூடியவரை குட்டையாக. பூட்டின் அடியில் பெயின்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் முடுக்குங்கள். சீட் பெல்ட் போல்ட்டில் மட்டும் கட்டாதீர்கள். உயிரைப் பிடித்து நிறுத்தும் போல்ட் அது. அதைக் கழற்றி நடுவே எதையும் செருகக்கூடாது. ட்ரில் போடுமுன் காடிக்கு அடியில் குனிந்து, எண்ணெய்த் தொட்டியும் எண்ணெய்க் குழாயும் எங்கே ஓடுகின்றன என்று பாருங்கள்.

வேலையைத் தொடங்குமுன் மோதிரம், வெள்ளிக் காப்பு, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காதுதான். ஆனால் பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் இருக்கும் ஸ்பேனரும் உங்கள் மோதிரமும் காடியின் இரும்பும் ஒன்றாகத் தொட்டால் மோதிரம் நொடியில் பழுத்துவிடும். விரல் எலும்புவரை வேகும். ஆகவே முதலில் நெகட்டிவ் முனையைக் கழற்றவேண்டும். கடைசியில்தான் அதை மாட்டவேண்டும். பேட்டரிக்குப் பக்கத்தில் சிகரெட் வேண்டாம். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயு வெடிக்கும். உள்ளே இருப்பதோ அமிலம். கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவியபடியே இருந்து, பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

வூபரைப் பெட்டியோடு தூக்கினால் 20, 30 கிலோ வரும். இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்குங்கள், கூட ஓர் ஆளைப் பிடியுங்கள். வைத்தபின் பெல்ட் போட்டு இறுக்குங்கள். விபத்தில் காடி நின்றுவிடும், பெட்டி நிற்காது. பின் சீட்டைப் பிளந்துகொண்டு முன்னால் வரும்.

ஆம்ப்ளிபயரில் 'கெயின்' என்று ஒரு திருகு இருக்கும். நம்ம தம்பிமார் அதைச் சத்தம் கூட்டும் திருகு என்று நினைத்துக் கடைசிவரை முறுக்கிவிடுகிறார்கள். அது அதற்கானதல்ல. ரேடியோவிலிருந்து வரும் சிக்னலுக்கும் ஆம்ப்ளிபயருக்கும் பொருத்தம் பார்ப்பதற்கானது. அளவுக்கு மீறித் திருகினால் ஆம்ப்ளிபயர் தன் சக்திக்கு மேல் கத்தப் பார்க்கும். ஓசை அலையின் தலை வெட்டுப்பட்டு, கரகரவென்று வரும். வூபரின் சுருள் கருகும். அந்த வாடையை ஒரு தடவை முகர்ந்தவர்கள் மறக்கமாட்டார்கள். சரியான முறை இது: பேஸ், ட்ரெபிள், 'பேஸ் பூஸ்ட்' எல்லாவற்றையும் பூஜ்யத்தில் வையுங்கள். வூபர் வயரைக் கழற்றிவிடுங்கள். ரேடியோ சத்தத்தை முக்கால் பங்கில் வைத்து, 50 ஹெர்ட்ஸ் சோதனை ஓசையைப் போடுங்கள். ஆம்ப்ளிபயரின் வெளிமுனைகளில் மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். 300 வாட்ஸ், 4 ஓம் வூபர் என்றால் 34.6 வோல்ட் வரும்வரை கெயினைத் திருகி நிறுத்துங்கள். 500 வாட்ஸ், 2 ஓம் என்றால் 31.6. (வாட்ஸையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் இந்த எண் வரும். ஸ்கூல் படிக்கும் பிள்ளையைக் கேளுங்கள், போட்டுக் கொடுக்கும்.) ஓசையைப் பிரிக்கும் பில்டரை 80 ஹெர்ட்ஸில் வைத்தால் கனத்த ஓசை மட்டும் வூபருக்குப் போகும்.

இன்னொன்று, இது இனாம். வூபரின் பிளஸ், மைனஸ் வயர்களை மாற்றி மாட்டிப் பார்த்து, டிரைவர் சீட்டில் எதில் நன்றாகக் கேட்கிறதோ அப்படியே விட்டுவிடுங்கள். முன்னால் இருக்கும் ஸ்பீக்கரும் பின்னால் இருக்கும் வூபரும் எதிரெதிராக இழுத்துக்கொண்டிருந்தால் ஓசை அமுங்கிப்போகும். அது தெரியாமல் பெரிய ஆம்ப்ளிபயர் வாங்கப் போனவர்கள் உண்டு.

பெரிசு வாங்குவதைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். 500 வாட்ஸை 1000 ஆக்கினால் சத்தம் இரட்டிப்பாகும் என்று நினைக்கிறீர்கள் அல்லவா? ஆகாது. சக்தி இரண்டு மடங்கானால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு அது 'கொஞ்சம் கூடியிருக்கு போல' என்று தோன்றும், அவ்வளவே. இரண்டு மடங்காகத் தோன்றவேண்டுமென்றால் சக்தி ஏறக்குறைய பத்து மடங்கு வேண்டும். இங்கேதான் வம்பு. நமக்குக் கேட்டும் கேட்காமலும் இருக்கிற அந்த 3 டெசிபல், காது தாங்கும் நேரத்தைப் பாதியாக வெட்டிவிடும். 85 டெசிபலை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது கணக்கு. 88 என்றால் நான்கு மணி. 91 என்றால் இரண்டு. 94-க்கு ஒரு மணி. 97-க்கு அரை மணி. 100-க்கு வெறும் 15 நிமிடம். அதாவது தோட்டத்திலிருந்து பட்டணத்துக்குப் போகும் வழியிலேயே அன்றைய பங்கு தீர்ந்துவிடுகிறது.

இந்த 85 என்ற எண்ணை நம் மில் தொழிலாளர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். மலேசியாவில் 2019-இல் வந்த வேலையிட இரைச்சல் விதிகளும் எட்டு மணி நேரத்துக்கு 85 என்றுதான் வரம்பு வைத்திருக்கின்றன. அதற்கு முன் 1989-ஆம் ஆண்டு விதிகளில் 90 என்று இருந்தது. பாய்லர், டர்பைன் பக்கம் வேலை செய்பவரும், புல் வெட்டும் மிஷினை முதுகில் சுமப்பவரும் பகலிலேயே தம் பங்கைத் தீர்த்துவிட்டுத்தான் வீடு திரும்புகிறார்கள். வேலையில் காதடைப்பான் போட்டிருந்தால் கொஞ்சம் மிச்சமிருக்கும். அந்த மிச்சத்தைத்தான் சாயங்காலம் காடிக்குள் செலவழிக்கிறோம். காதுக்கு முதலாளி சத்தம் வேறு, நம்ம சத்தம் வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. எல்லாம் ஒரே கணக்கில்தான் ஏறும்.

உள்காதில் நத்தைக் கூடு போன்ற ஓர் உறுப்பு இருக்கிறது. அதனுள்ளே காதுக்குச் சுமார் 15,000 உணர் மயிர் அணுக்கள். சத்த அலை வரும்போது லாலான் புல் காற்றில் சாய்வதுபோல் அவை சாயும், நிமிரும். பேரோசையில் மிதிபட்டதுபோல் படுத்துவிடும். காடியை விட்டு இறங்கியதும் காது அடைத்தாற்போல் இருப்பதும், உள்ளே 'கீஈஈ' என்று கேட்பதும் அதனால்தான். மறுநாள் நிமிர்ந்துவிடுகின்றன, நாமும் ஒன்றுமில்லை என்று விட்டுவிடுகிறோம். திரும்பத் திரும்ப மிதித்தால் சில செத்துப்போகும். லாலானை எரித்தாலும் முளைக்கும். இது முளைக்காது. மருந்தும் கிடையாது. முதலில் போவது மெல்லிய கீச்சு ஓசைகள். ஆகவே தம்பிக்குப் பாட்டு கேட்கும், இடி கேட்கும். ஆள் பேசினால் 'என்னா?' 'என்னா?' என்பார். 'ச', 'த', 'ப' இவை ஒன்றோடொன்று குழம்பும். வீட்டில் சண்டைகூட வரும், "கூப்பிட்டா காதுல வாங்க மாட்டேங்கறான்" என்று.

"போன்ல அளந்து பார்த்தேன் அண்ணே, 85-தான் காட்டுது" என்று ஒரு தம்பி சொன்னார். சத்தம் அளப்பதில் 'ஏ' அளவு, 'சி' அளவு என்று இரண்டு உண்டு. காது கனத்த ஓசையை மந்தமாகக் கேட்பதால் 'ஏ' அளவு அதைக் குறைத்தே கணக்கிடும். 50 ஹெர்ட்ஸ் ஓசையில் 30 டெசிபல் கழிந்துவிடும். அந்தத் தம்பி போட்டது வெறும் வூபர் ஓசையாக இருந்தால், 85 என்று காட்டியபோது காடிக்குள் உண்மையில் 115 அதிர்ந்திருக்கும். சட்டமும் 'ஏ' அளவைத்தான் வைத்திருக்கிறது என்பது சரியே. கனத்த ஓசையைவிட நடு ஓசையும் கீச்சு ஓசையும்தான் காதை அதிகம் கடிக்கும். ஆனால் வூபரை ஏற்றியதும் பாட்டு வரி கேட்கவில்லை என்று முன் ஸ்பீக்கரையும் ஏற்றுகிறோமே! தவிர, போன் மைக் பேச்சுக்குச் செய்யப்பட்டது. மீட்டரே வேண்டாம், எளிய சோதனை ஒன்று: பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் கத்தித்தான் பேசவேண்டியிருக்கிறதா? அளவு மீறிவிட்டது, குறையுங்கள். வழியில் பத்து நிமிடம் பாட்டை நிறுத்தி வைத்தால் காதுக்கும் இளைப்பாறல். ரயில் கேட்டில் மணி அடிப்பதும், ஆம்புலன்ஸ் வருவதும்கூடக் கேட்கும்.

அபூர்வமான ஒன்றையும் சொல்லி வைக்கிறேன், பயமுறுத்துவதற்கு அல்ல. 2004-இல் 'தோராக்ஸ்' என்னும் மருத்துவ இதழில் பெல்ஜியத்து டாக்டர்கள் எழுதியிருந்தார்கள். பலத்த இசையின் நடுவே திடீரென்று நுரையீரல் சுருங்கிப்போன நால்வரைப் பற்றிய கட்டுரை அது. அவர்களில் ஒருவர் காடியில் 1000 வாட்ஸ் வூபர் பெட்டி வைத்திருந்த இளைஞர். ஓட்டிக்கொண்டிருந்தபோதே நெஞ்சு வலியும் மூச்சுத் திணறலும் வந்தது. உயரமாய் ஒல்லியாய் இருப்பவர்களுக்கும், சிகரெட் பிடிப்பவர்களுக்கும் இந்த நோய் வரும் வாய்ப்பு அதிகம். ஒரு பக்கம் 'சுருக்' என்று குத்தி மூச்சு வாங்கினால் வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டு படுக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அதேபோல ஒரு காது திடீரென்று கேட்காமல் போனாலும் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். சீக்கிரம் மருந்து கொடுத்தால் கேட்பு திரும்பும் வாய்ப்பு உண்டு.

பின் சீட்டில் கைக்குழந்தையோ தாத்தா பாட்டியோ இருந்தால் வூபரை அணைத்துவிடுங்கள். பெட்டி அவர்கள் முதுகுக்குப் பின்னாலேயே இருக்கிறது. குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. பெரியவர்கள் பேரனிடம் சொல்லமாட்டார்கள்.

மில்லில் வேலை செய்யும் தோழர்களுக்குக் கடைசியாக ஒரு விஷயம். சத்தம் வரம்பு மீறும் இடத்தில் வேலை செய்பவருக்குக் காது பரிசோதனை செய்விப்பது முதலாளியின் கடமை. வேலைச் சத்தத்தால் காது கெட்டால், அது சொக்சோவில் தொழில் நோய்களில் ஒன்று. பரிசோதனைக்கு முதல் நாள் இரவு காடியில் இடி முழக்கிவிட்டு மறுநாள் காலையில் போய் உட்கார்ந்தால், மந்தமாகிப்போன காதைத்தான் மிஷின் பதியும். பிறகு எது வேலையால் வந்தது, எது வூபரால் வந்தது என்று யார் பிரிப்பது? குறைந்தது 14 மணி நேரம் எந்தப் பெருஞ்சத்தமும் இல்லாமல் இருந்துவிட்டுப் போங்கள். மில் சத்தமும் கூடாது, காடிச் சத்தமும் கூடாது. வேறு எங்கே சத்தம் கேட்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டால் வூபரை மறைக்காமல் சொல்லுங்கள். ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டு வாங்கி வீட்டில் பத்திரமாக வையுங்கள். அடுத்த பரிசோதனையோடு ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டியிருக்கும்.